மூன்றாவது கேமரா

கிளிஃபர்ட் ஆன்செல் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் அரங்க வடிவமைப்பாளராகப் பேரெடுத்தவர். பிளைவுட்டில் அவர் எழுப்பிய சுவரைத் தட்டிப் பார்த்தால்தான் அது செங்கல் இல்லை என்று தெரியும். 1966-இல் அவரை நாடக இயக்குநராக்கினார்கள். அவருடைய பழைய வேலைக்கு ஷெஃபீல்டிலிருந்து மொய்ரா பெண்ட்ரி வந்தாள். நான் கட்டுப்பாட்டு அறையில் கிளிஃபர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்கும் கேமராவுக்குப் பொத்தானை அழுத்துகிறவள்.

அவருடைய மூன்றாவது நாடகம், பஞ்சாலை முதலாளி ஒருவரின் விதவையைப் பற்றியது. அந்த வீட்டுக்கு மொய்ரா ஒரு மாடிப்படி கட்டியிருந்தாள். பாதியில் திரும்பி, மேலே போகப் போகக் குறுகி, எங்கோ இருட்டுக்குள் ஏறிப்போவது போலிருந்தது. விதவையாக நடித்த டாஃப்னி கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறவே பயமா இருக்கு" என்றாள். தச்சர்கள் தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளிஃபர்ட் மேலே ஏறி இறங்கினார். "கைப்பிடி கொஞ்சம் கனமா இருக்கே."

"உங்க வரைபடத்தைப் பார்த்துத்தான் போட்டேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானே எல்லாம்" என்றாள் மொய்ரா. அவள் மனதாரத்தான் சொன்னாள். அவர் முகம் கறுத்துவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டிலிருந்த சாப்பாட்டைத் தொடாமல் என்னிடம் கேட்டார்: "ஏன் ஹில்டா, என் அரங்கைப் பார்த்து யாராவது இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்களா?"

"நின்னாங்க. நீங்கதான் கவனிக்கல."

"பொய் சொல்லாத. உனக்கு மூக்கு சிவக்குது."

பதிவு நாளன்று அவர் தன் திட்டத்தையே மாற்றினார். "ரெண்டாவது கேமரா, கிட்ட போ. இன்னும் கிட்ட. கண்ணு மட்டும் போதும்." டாஃப்னி படியேறும் இடம் வந்தது. மூன்றாவது கேமராவின் திரையில் மாடிப்படி முழுசாக, கொள்ளை அழகாகத் தெரிந்தது. என் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"மூணுக்குப் போகட்டுமா?"

"வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை, கிளிஃபர்ட்."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

முடிந்ததும் மொய்ரா உள்ளே வந்தாள். "என் வீடு எங்க?"

"டாஃப்னி பிரமாதமா நடிச்சா. முகத்தை விட்டு வர மனசே இல்ல."

"ஓ. மூணாவது கேமராவுக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு நினைச்சேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நாடகம் ஒளிபரப்பானதும் பத்திரிகைகள் கிளிஃபர்டைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. வடிவமைப்பாளராக இருந்தவரே அரங்கைத் துறந்து முகங்களை நம்பிய துணிச்சலைப் புகழ்ந்தன. லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே போயும் முகங்களையே எடுத்தார். எல்லோரும் அவரிடம் அதைத்தான் கேட்டார்கள். ஒருமுறை மொய்ராவைத் தன் நாடகத்துக்குக் கூப்பிட்டார். "காதுக்குப் பின்னால தெரியுற சுவருக்கு நான் எதுக்கு? ஒரு திரைச்சீலை மாட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டாளாம். பிறகு ஒரு நாடகத்துக்குத் தானே அரங்கமும் வரைந்து, கேமராவைத் தூர நிறுத்தி அதை முழுசாகக் காட்டினார். ஆன்செலுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று எழுதினார்கள்.

சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறு மதியம் மதுக்கடையில் அவரைப் பார்த்தேன். மூலையிலிருந்த தொலைக்காட்சியில் மொய்ரா கட்டிய துறைமுகத் தெரு அரங்கில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தார்.

"இப்ப எங்க இருக்கா?"

"கார்டிஃப்ல. கல்யாணம் ஆயிடுச்சு."

"சந்தோஷமா இருக்காளா?"

"நல்லாவே இருக்கா."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சி இல்லாத பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.