இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

தங்கசாமி எழுதிக் கொடுத்த தாளை மன்றத் தலைவர் ஹனீப் சார் இரண்டாம் முறையாகப் படித்தார். மேட்டூர் ரசாயனக் கம்பெனி ஒன்றின் மனமகிழ் மன்றத்தில் எட்டு என்ஜினீயர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தங்கசாமி மட்டும் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ரிப்பேர் பார்க்கிறவன்.

மன்றத்தில் முந்நூறு இசைத்தட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் ஹெவி மெட்டல் என்கிற அதிரடி மேற்கத்திய இசை. அவற்றைப் பார்த்துக்கொள்ளவும், புது ஆல்பங்களைக் கேட்டு எதை வாங்கலாம் என்று எழுதித் தரவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குத்தான் வந்திருந்தான்.

தறிக்காரனுக்கு இதென்ன ஆசை என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்? நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிறவனுக்கு மெல்லிசை எங்கே ஏறும்? ஈரோட்டு ரெக்கார்டிங் கடையில் முதன்முதலாக டிரம்ஸும் கிடாரும் மோதிக்கொண்டதைக் கேட்டபோது, நூறு தறி ஒரே தாளத்தில் ஓடுவதுபோல் இருந்தது. சிலிர்த்துப்போனான். மூன்று வருடமாகக் கேட்ட ஆல்பத்துக்கெல்லாம் நோட்டில் மார்க் போட்டு வந்தான். இங்கிலீஷ் புரியாததால் சத்தத்தை மட்டுமே எடைபோட்டான். அதில் அவனை அசைக்க முடியாது.

ஆனால் ஆசை மட்டுமல்ல, பயமும்தான் அவனை இங்கே கொண்டுவந்தது. சின்னண்ணன் என்று பெயர் கொண்ட அவன் அண்ணனுக்குத் தறிப்பட்டறையில் நின்றே காது போய்விட்டது. இப்போது வீட்டில் கைஜாடைதான். "இன்னும் ரெண்டு வருஷம் அந்தச் சத்தத்துல நின்னா உனக்கும் அதே கதிதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் வசந்தாமணிக்கு மூன்று வயது. அவள் பேச ஆரம்பித்திருக்கும் நேரத்தில் அவனுக்குக் காது போய்விடக் கூடாது.

சோதிப்பதற்காக ஹனீப் சார் லண்டனிலிருந்து கொண்டுவந்த தட்டு ஒன்றைப் போன வாரம் ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு உயிரான ஆல்பம். இப்போது அவன் எழுதியதை உரக்க வாசித்தார்.

"இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில் தனிக் கிடார் முடிந்ததும் மொத்தக் குழுவும் வேகத்தைக் குறைக்கிறது. சுருதியும் அரைக்கட்டை இறங்குகிறது. பாடுகிறவன் குரல் தடிக்கிறது. இப்படி ஒரு துணிச்சலை நான் கேட்டதில்லை. பத்துக்கு ஒன்பது."

"நான் இருபது தடவை கேட்டிருக்கேன்" என்றார் ஹனீப். "எனக்கு அகப்படலையே. போட்டுப் பார்த்துரலாம்."

ஊசி இறங்கியது. முதல் சரணம் போனது. தனிக் கிடார் வந்தது, உச்சிக்குப் போனது, முடிந்தது. வேகம் குறைவதற்காகத் தங்கசாமி காத்திருந்தான். பாட்டு அதே வேகத்தில் ஓடி முடிந்துவிட்டது.

மறுபடி போட்டார்கள். மறுபடியும் அப்படியே.

"தங்கசாமி, உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதுங்களா?" என்று கேட்டார் ஹனீப்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கசாமி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இல்லாததைக் கேட்டிருக்கிறேனா? அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்ததா?

"வேகம் குறைஞ்சா குறையட்டும்" என்றார் ஹனீப், தாளைப் பார்த்தபடி. "பாடறவர் சுருதி எதுக்கு இறங்கணும்? தட்டே மெதுவாச் சுத்தினாத்தான் அப்படி ஆகும்."

தங்கசாமி அண்ணாந்து பார்த்தான். மன்றத்து பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்தது. பக்கத்திலேயே மின்நிலையம் இருக்கிற ஊர். தட்டைக் கேட்ட அன்றைக்கு அவன் வீட்டு பல்பு சிவந்து மங்கியது ஞாபகம் வந்தது. தினமும் மங்குகிற பல்பை யார் கவனிப்பார்கள்?

வேறு தட்டாக இருக்கலாம் என்று மழுப்பியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை.

"சார், சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கூர்ல எல்லாப் பட்டறையிலயும் ஒண்ணாத் தறி ஓட்டுவாங்க. வோல்டேஜு எறங்கிப் போயிருமுங்க. என்ற பிளேயரு மெதுவாச் சுத்தியிருக்குதுங்க. அதைப் போயி அவங்க பண்ணுன புதுமைன்னு எழுதிப்போட்டனுங்க."

அறையே சிரித்தது. ஹனீப் சிரிக்கவில்லை. "அப்போ இன்னைக்குக் கேட்டதை வெச்சு எத்தனை மார்க்கு?"

அவருக்கு உயிரான ஆல்பம்.

"நாலுங்க சார். வேகமா ஓடுது, அவ்வளவுதானுங்க. அவங்க முன்னால போட்ட ரெண்டு ஆல்பத்துல பண்ணுனதையே திருப்பிப் பண்ணியிருக்கறாங்க."

ஹனீப் தட்டைத் துடைத்து உறையில் போட்டார்.

"அரைக்கட்டையைச் சரியாப் புடிச்சிருக்கீங்க. நல்ல காதுதான். ஆனா நாங்க உங்க எழுத்தை நம்பித்தான் தட்டு வாங்கணும். காதுல விழுந்ததை ஒரு தடவைகூடச் சந்தேகப்படாம எழுதற ஆளை எப்படி வைக்கறது, சொல்லுங்க?"

நியாயமான பேச்சு. அதனால்தான் அதிகமாக வலித்தது.

பள்ளிபாளையத்தில் பஸ் இறங்கியபோது மணி ஆறாகப் போனது. வாசலில் நின்ற சின்னண்ணன் கையை விரித்து, என்ன ஆச்சு என்று ஜாடையில் கேட்டான். தங்கசாமி கையை ஆட்டி, இல்லை என்றான். பட்டறைகளில் தறிகள் ஓட ஆரம்பித்தன. பல்பு மங்கியது. இந்தத் தடவை அவன் அதையே வெறித்துப் பார்த்தபடி நின்றான்.

யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தால் வசந்தாமணி, முகமெல்லாம் அழுகை.

"சாமி ஏன் அழுவுது?" என்று மனைவியைக் கேட்டான்.

சௌந்திரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"மூணு தரம் அப்பான்னு கூப்புட்டாளுங்க. பக்கத்துலயேதான் நின்னா."