உப்புத் தண்ணீருக்கு ஐம்பது கிராம்

லேத்துக்காரரின் மகள் வீட்டைவிட்டுப் போன அன்று காலை பத்தரை மணிக்கு, அவள் அறை ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீரால் நிரம்பியது. கதவு திறந்தே இருந்தும் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. பிளம்பர் வந்து, குழாயில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மேஜையடியில் மகள் தன் புது விலாசமும் போன் எண்ணும் எழுதிவைத்திருப்பதாகச் சொல்லிப்போன தாள் கிடந்தது, எழுத்துதான் தெரியவில்லை. எடுக்க இறங்கியவர்களைத் தண்ணீர் தக்கைபோல மேலே தள்ளியது. லேத்துக்காரர் நான்கு முறை இறங்கி நான்கு முறையும் மல்லாந்து மிதந்தார்.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. ரேடியோவில் ஓடும் குட்டி நீர்மூழ்கிக் கப்பல்கள் செய்வதில் அவருக்குப் பைத்தியம். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் மூன்று வாரமாகச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பெட்டியோடு நின்றபோதுதான் ஏறியது. "போறதுன்னா போ. சாவியை வெச்சுட்டுப் போ" என்றார். வீட்டின் பழைய இரும்புச் சாவியைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நான்கு வருஷம் தன்னையே திட்டிக்கொண்டார்.

தாளை எடுக்க, மூக்கில் கொக்கி வைத்து இரண்டு கிலோவில் ஒரு கப்பல் கட்டினார். ஈயத்துண்டுகளை அடிவயிற்றில் ஒட்டி, குளியல் தொட்டியில் விட்டு, மேல்கோபுரம் மட்டும் வெளியே தெரியும்வரை அரை அரை கிராமாகக் கூட்டிக் குறைத்தார். தண்ணீரை உறிஞ்சினால் மூழ்கும். சிக்னல் அறுந்தால் உறிஞ்சிய தண்ணீரைக் கக்கிவிட்டுத் தானே மேலே வரும். தொட்டியில் சொன்ன பேச்சு கேட்ட கப்பல், அறையில் அடம்பிடித்து மிதந்தது. பதினோரு தடவை பிரித்துப் பூட்டினார்.

அந்த நான்கு வருஷமும் சாப்பிடக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்ட மனைவி, ஒரு மதியம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தண்ணியை ருசி பார்த்தீங்களா?"

"தண்ணியில என்ன ருசி?"

"உப்பு. மொத நாளே எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண் கலங்கிவிட்டது. நல்ல தண்ணீரில் எடை கட்டிய கப்பல் உப்புத் தண்ணீரில் எப்படி மூழ்கும்? இன்னும் ஐம்பது கிராம் வேண்டும். மனைவி சாவியைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். சரியாக ஐம்பது.

சாவியோடு கப்பல் சமர்த்தாக இறங்கி, கட்டிலுக்கடியில் திரும்பி மறைந்தது. உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ சிக்னல் போகாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிக்னல் அறுந்தால் மேலே வந்தாக வேண்டும், வரவில்லை.

பதினேழாம் நாள் வாசல் பூட்டில் சாவி திரும்பியது. மகள் கப்பலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் குளியலறை வாளியில வந்து நின்னுச்சு. சாவி எனக்குத்தானேப்பா?"

"உனக்குத்தாம்மா. எப்பவும் உனக்குத்தான்."

அறையில் இப்போதும் கணுக்காலளவு தண்ணீர் இருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் மகள் கட்டிலில் உட்கார்ந்து, அதில் காலைவிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறாள். எதிரே நாற்காலி போட்டு, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, அப்பா கேட்கிறார்.