சடைக்காரம்மாவுக்குப் பக்கத்துப் பட்டி

ஆட்டுக் கண்காட்சியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஒருவர் எந்த இனத்து ஆட்டைக் கொண்டுவருகிறாரோ அதுதான் அவருக்குப் பெயர். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மெரினோவை வளர்ப்பவர் மெரினோக்காரர். அவர் கழுத்தும் அப்படித்தான் தொங்கும், அதைப் பற்றி நமக்கென்ன. வறட்சிக்கு ஆகுமென்று வாலிலேயே கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஆட்டின் சொந்தக்காரர் வால்காரர். கடற்பாசி தின்று வளரும் தீவு ஆட்டோடு வருகிற அம்மாள் பாசியக்கா. நான்கு கொம்பு ஆடு வைத்திருக்கும் புருஷனையும் பெண்டாட்டியையும் நாலுகொம்புக்காரர், நாலுகொம்புக்காரம்மா என்று ஒலிபெருக்கியிலேயே கூப்பிடுவார்கள்.

நம் ஆள் கருமூஞ்சிக்காரர். அவருடையது மலையாடு. கறுத்த முகம், முறுக்கின கொம்பு, கம்பளம் நெய்யத்தான் லாயக்கு என்கிற முரட்டு ரோமம். அதற்கு வேலி தேவையில்லை. தாய் மேய்ந்த சரிவிலேயே குட்டியும் மேயும், விரட்டிவிட்டாலும் திரும்பி வந்து அங்கேயே நிற்கும். மனுஷனும் அதே ரகம்தான். ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "நேரம் கூடி வரல" என்று சொல்லிவிட்டு ஆட்டின் குளம்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நேரம் கூடித்தான் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், கண்காட்சி வரிசையில் மலையினங்கள் முடிந்து நீள்ரோம இனங்கள் தொடங்குகிற இடத்தில், அவர் பட்டிக்கு அடுத்த பட்டியில் சடைக்காரம்மா வந்து நின்றார். அந்த அம்மாளின் ஆடுகளுக்குச் சடைசடையாகத் திரிந்த ரோமம் முழங்கால் வரை தொங்கும். முன்முடி கண்ணை மறைக்கும். பரம சாது. அம்மாளுக்குக் கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மந்தையை நடத்திவந்தார்.

அன்றிலிருந்து வருஷத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு பலகைத் தடுப்பை வைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள். என்னத்தைப் பேசுவார்கள்? இருமல், குளம்புப் புண், தீவனம். மூன்றாவது வருஷம் அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கோடு இரண்டு கிண்ணம் கொண்டுவந்தார். ஒன்றில் டீயை ஊற்றித் தடுப்புக்கு மேலே நீட்டியபோது இவர் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு வாங்கியதில் பாதி டீ ஆட்டின் முதுகில் போயிற்று. அந்த ஒரு கிண்ணம் டீயை நினைத்துக்கொண்டே மீதி நாளையெல்லாம் மலையில் கழித்துவிடுவார். தொலைபேசி எண் கேட்டாரா? கேட்கவில்லை. சரி, பெயராவது? அதுவும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டாவது கண்காட்சிக்கு ஏழு மாதம் இருக்கும்போது கண்காட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் துணியாகிற ரோமமெல்லாம் முதல் கொட்டகை, கம்பளமாகிற ரோமம் ஐந்தாவது கொட்டகை. சடையாடு அங்கே, கருமூஞ்சி இங்கே. இரண்டுக்கும் நடுவில் நடந்தே கால் மணி நேரம் ஆகும்! கருமூஞ்சிக்காரர் பேருந்து ஏறிப் போய்க் கண்காட்சிச் செயலாளர் மேசைக்கு முன்னால் நின்றார்.

"பழைய வரிசையே நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?"

"எல்லாருக்கும் ஒரே விதிதாண்ணே. ஏன், உங்களுக்கு முதல் கொட்டகைல என்ன வேலை?"

"காத்து நல்லா வரும்."

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்ளோ ஆசைன்னா ஒண்ணு பண்ணுங்க. முதல் கொட்டகைக்கு உரிய ஆட்டைக் கொண்டாங்க. வேற வழியில்ல."

செயலாளர் கிண்டலாகத்தான் சொன்னார். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கருமூஞ்சி மந்தையைத் தன் கூடப்பிறந்த தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, அடுத்த வாரமே மூன்று சடையாடுகளை வாங்கி வந்தார்.

அந்த ஏழு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கருமூஞ்சி கொட்டுகிற மழையிலும் நின்று மேயும். சடையாடோ தூறல் விழுந்தாலே ரோமம் நனைந்து, கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஒன்று முன்முடி மறைத்துப் பள்ளத்தில் விழுந்தது. இன்னொன்று அடிக்கடி மல்லாந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் நான்கு காலையும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு கிடக்கும். ஓடிப் போய்ப் புரட்டி நிறுத்தாவிட்டால் வயிறு உப்பிச் செத்தே போகும். முன்முடியைத் தூக்கிக் கட்டக் கடையில் போய்க் கிளிப் கேட்டார்.

"வீட்ல பொண்ணுக்கா?" என்றாள் கடைக்காரி.

"ஆட்டுக்கு."

தம்பி இரண்டு நாள் விடாமல் சிரித்தான். இவர் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் அந்த மூன்று ஆட்டுக்கும் சிக்கெடுத்துவிட்டுக்கொண்டே, சடைக்காரம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவற்றிடம் சொல்லிப் பார்ப்பார். அவற்றுக்கு முன்னால் நன்றாகத்தான் வந்தது. எதிரில் அந்த அம்மாள் இருப்பதாக நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏங்கி ஏங்கி அந்த வருஷம் ஆளே பாதியாகிப் போனார்.

கண்காட்சியன்று வண்டியிலேயே ஒரு ஆடு மல்லாந்துவிட்டதால், முதல் கொட்டகைக்கு வந்து சேரப் பத்து மணி ஆகிவிட்டது. பக்கத்துப் பட்டியில் ஆடுகள் இருந்தன, நாத்தனார் இருந்தார். அம்மாளைக் காணோம்.

நாத்தனார் அவரைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார். "அய்யய்யோ! நீங்க இங்கயா இருக்கீங்க? அண்ணி ஏழு மணிக்கே ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு அஞ்சாவது கொட்டகைக்குப் போயாச்சு. ஃபோனைக்கூட இங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க. உங்களைப் பாக்கத்தாங்க போனாங்க!"

ஆடுகளை அப்படியே பட்டிக்குள் தள்ளிவிட்டு ஓடினார்.

கண்காட்சியில் ஒரு பட்டி காலியாகக் கிடந்தால் நல்ல சேதி இல்லை. ஒன்று ஆடு போயிருக்கும், இல்லாவிட்டால் ஆள் போயிருப்பார். ஐந்தாவது கொட்டகைக் கோடியில் 'கருமூஞ்சி' என்று முன்பே எழுதி மாட்டிய பலகை தொங்க, உள்ளே வைக்கோல் கலையாமல் கிடந்தது. அதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் சடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கிண்ணத்திலும் டீ ஊற்றி வைத்திருந்தது. இரண்டும் ஆடை படிந்து ஆறிப் போயிருந்தன.

"ஏங்க..." என்றார் கருமூஞ்சிக்காரர் மூச்சு வாங்க.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? மூணு மணி நேரமா இங்க உக்காந்திருக்கேன். செயலாளர் கண்ணுலயே படல. போறவங்க வர்றவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். கருமூஞ்சி இந்த வருஷம் இல்லன்னுதான் சொல்றாங்க. ஆடு இல்லியா, ஆள் இல்லியான்னு கேக்கவே பயமா இருந்துச்சு. பேரைச் சொல்லி விசாரிக்கலாம்னா..." குரல் உடைந்தது. "உங்க பேரே எனக்குத் தெரியலீங்க. இத்தனை வருஷமா டீ குடுத்திருக்கேன், பேரு தெரியல."

அவருக்கு ஏழு மாதம் ஆட்டிடம் ஒத்திகை பார்த்த ஒரு சொல்லாவது வர வேண்டுமே! அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"சடைக்காரர், சடைக்காரம்மா கவனத்துக்கு. முதல் கொட்டகைல உங்க ஆடு மல்லாந்து கிடக்கு. சடைக்காரர், சடைக்காரம்மா, ரெண்டு பேரும் உடனே வாங்க."

அம்மாள் திகைத்துப் போனார். "சடைக்காரரா? எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு! யாருங்க அது?"

கருமூஞ்சிக்காரர் அசடு வழியக் கையைத் தூக்கினார். "நான்தாங்க."

"நீங்களா?"

"மூணு உருப்படி வாங்கினேன். இந்த வரிசையை மாத்திட்டாங்களே, அதான். பக்கத்துப் பட்டி வேணும்னு..."

அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். சட்டையெல்லாம் சடை ரோமம். பையிலிருந்து நீல நிறக் கிளிப் ஒன்று எட்டிப் பார்த்தது. அழுவதா சிரிப்பதா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. "மூணு நாளுக்காகவா இத்தனை பாடு?"

"மீதி நாளுக்கும்தாங்க வேணும்," என்றார். கண்ணில் நீர் முட்டியது. "அதை யார்கிட்ட எழுதிக் கேக்கணும்னுதான் தெரியல."

அம்மாள் ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றினார். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். நடுவில் தடுப்புப் பலகை இல்லை.

"முதல்ல பேரைச் சொல்லுங்க."

சொன்னார். யாரும் கூப்பிட்டு வெகு காலமான பெயர். அம்மாள் அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஒலிபெருக்கி மறுபடியும் சடைக்காரரைக் கூப்பிட்டது.

"ஆடு மல்லாந்து கிடக்காம். வாங்க, போகலாம்," என்றார் அம்மாள்.

"உங்க நாத்தனார் புரட்டி விட்டுருவாங்க," என்றார் அவர், நின்ற இடத்தை விட்டு நகராமல். "இன்னொரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."