மறைத்த கருத்து

கடற்கரைப் பக்கம் இருந்த ஓர் ஐஸ் கம்பெனியில் என் தம்பி நெடுமாறன் இயந்திரம் பார்த்தான். நான் அதே கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு கசிந்து இரண்டு பேர் மயங்கி விழுந்த மறுநாள், "எல்லாம் சரிசெய்யப்பட்டது, அச்சம் வேண்டாம்" என்று அறிக்கை போட்டேன். கீழே கருத்துப் பகுதியில் திட்டுகள் குவிந்தன.

"அழிக்காதம்மா, அழிச்சா சண்டைக்கு வருவான்," என்றார் மேனேஜர். "மறைச்சிடு. போட்டவனுக்கும் அவன் கூட்டாளிங்களுக்கும் மட்டும் தெரியும். ஊரே பாத்திடுச்சின்னு நிம்மதியா தூங்குவான்."

அறுபதுக்கு மேல் மறைத்தேன். அதில் ஒன்று தம்பியுடையது: "வால்வ இன்னும் மாத்தல. கசிவு அப்படியேதான் இருக்கு." அவன் வேலை போய்விடுமே என்றுதான் மறைத்தேன். அன்று அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் கோட்டுச்சேரி வீட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டே போனை நீட்டினான்.

"அக்கா, நான் போட்டத மொதலாளி பாத்திருப்பாருல்ல? ஒரு லைக்கக்கூட காணுமே."

"ஒன் மூஞ்சிக்கு லைக் வேறயா? பாத்திருப்பாங்கடா. மாத்திடுவாங்க, போ."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். மதியத்துக்குள் அந்த வால்வு வெடித்தது. தம்பியை உயிரோடு வெளியே கொண்டுவர முடியவில்லை.

இரங்கல் அறிக்கை எழுதச் சொல்லி மேனேஜர் எனக்கே போன் செய்தார். நான் எழுதவில்லை. மறைத்தவற்றில் தம்பியின் கருத்தைத் தேடி, எல்லோருக்கும் தெரியும்படி மாற்றினேன். சாயங்காலத்துக்குள் நானூறு பேர் லைக் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒப்படைத்திருந்த அவனுடைய போன் ஒவ்வொன்றுக்கும் ஒலித்தது.