ஆவுடை நடப்பதற்கு வாங்கிய கேமரா

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடியோ கேமரா வந்த பிறகே குழந்தைகள் நடக்கத் தொடங்குவார்கள். படம் பதிய இடம் இருக்கும்வரை நடப்பார்கள். இடம் தீர்ந்தால் நின்றுவிடுவார்கள்.

என் மகள் ஆவுடைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளிச் சேர்க்கை. வாசலிலிருந்து வகுப்புவரை சொந்தக் காலில் வரும் பிள்ளைகளுக்கே அங்கே இடம்.

அவளைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறினேன். "அப்பா, உங்க இடுப்பு எனக்கு அலுத்துட்டு" என்றாள்.

"அதுக்கும்தான்" என்றேன்.

கடைக்காரர் இசக்கியப்பன் முதலில் டேப் கேமராவை எடுத்துவைத்தார். என் மனைவி செண்பகவல்லி வேண்டாம் என்றாள். எதிர்வீட்டுப் பையன் டேப்பில் நடப்பவன். மணிக்கொரு தடவை நடுரோட்டில் நின்றுவிடுவான். அவன் அப்பா புது டேப்போடு ஓடிவரும்வரை பஸ்கள் காத்திருக்கும். அடுத்தது டிவிடியில் பதியும் கேமரா, அரைமணியில் நிறைந்துவிடும். "இது வீட்டுக்குள்ளயே நடக்கிற பிள்ளைகளுக்கு, மதினி" என்று இசக்கியப்பனே அதை உள்ளே வைத்துவிட்டார்.

கடைசியாக ஹார்டு டிஸ்க் கேமரா வந்தது. உயர்ந்த தரத்தில் ஏழு மணி நேரம் நடக்கலாம். குறைந்த தரத்தில் நாள் முழுக்க நடக்கலாம். நிறைந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"தரம் குறைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"முட்டிக்குக் கீழ கொஞ்சம் கலங்கலா இருக்கும், சார்வாள். பழகிரும்."

"என் பிள்ளைக்கு முட்டி தெளிவா இருக்கணும்" என்றாள் செண்பகவல்லி.

"அப்ப ஏழு மணி நேரமே போதும். பள்ளிக்கூடமே அவ்வளவுதான?"

நடப்பது என்பதில் ஓடுவதும் அடங்குமா என்று கையேட்டைப் புரட்டினேன். அதை எழுதியவர் அந்த நுணுக்கத்துக்குள் போகவில்லை.

சேர்க்கை நாளன்று பள்ளி வாசலில் ஆவுடையை இறக்கிவிட்டோம். பொத்தானை அழுத்தினேன். நடந்தாள். வெகுநாள் யோசித்து முடிவுசெய்து வைத்திருந்த நடை அது. பாதி வழியில் ஓட்டமாக மாற்றினாள். வகுப்பு வாசற்படியில் கால் தடுக்கியது. பதற்றத்தில் என் கையிலிருந்து கேமரா நழுவியது. கைப்பட்டையில் தொங்கியதால் தப்பியது. ஆனால் கீழே விழப்போவதை உணர்ந்தால் ஹார்டு டிஸ்க் தானாக நின்றுவிடும், பதிந்த படம் கெட்டுவிடக் கூடாது என்று. நின்றுவிட்டது.

ஆவுடையும் நின்றுவிட்டாள், தரைக்கு ஒரு சாண் மேலே, கைகளை நீட்டியபடி.

"அங்கேயே இருடீ" என்றாள் செண்பகவல்லி.

"நான் எங்க போக?" என்றாள் ஆவுடை.

தலைமையாசிரியை வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டு காலும் படியைத் தாண்டிட்டு. சேத்துக்கிடலாம்" என்றார். அந்தக் கருவியைச் செய்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்கள் பிள்ளைகள் நன்றாக நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்ச்மேன் தன் தலையணையைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேர்கீழே வைத்தார். ஆவுடை அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றாள். நகர்த்தினார்.

பொத்தானை அழுத்தினேன்.