கிணற்றடியில் இறங்கிய ஏர்த்

பித்தளைத் தொங்குவிளக்கில் கடதாசிப் பூமாலை சுற்றிக்கொண்டிருந்த சபீனாவின் விரலைச் சுள்ளென்று ஏதோ இழுத்தது. முக்காலியிலிருந்து குதித்தாள்.

"உம்மா! விளக்கு கடிக்குது!"

"கலியாணப் பொண்ணுக்கு எல்லாம் கடிக்கும்," என்றாள் உம்மா கைறுன்னிஸா. "மாப்பிள்ளை வந்தாத் தெளிஞ்சிரும்."

சபீனா சிரிக்கவில்லை. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து உட்காரப் போவது அந்த விளக்கின் கீழேதான். பூவைப் பிடித்து இழுக்க எத்தனை பிள்ளைகள் வரும்!

வாப்பா முத்தலிபுக்கு வாவிக்கரையில் நெல் ஆலை. ஆலை இயந்திரத்தோடு டைனமோ பூட்டி, வீடு வரை கம்பி இழுத்திருந்தார். கலியாணத்துக்குக் கரண்ட் விளக்கு எரியும் என்று காத்தான்குடி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். ஆனால் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. வீட்டு உறுதிப்பத்திரமும் அவள் பெயரில்.

"இது என்ர வீடு வாப்பா," என்றாள் சபீனா, வேற்று ஆண் வந்திருந்ததால் திரைக்குப் பின்னால் நின்று. "விளக்கு கடிச்சா, எண்ணெய் விளக்குத்தான் ஏத்துவன்."

"என்ர மானத்தை வாங்காத புள்ள!"

மட்டக்களப்பிலிருந்து வந்து வயர் வேலை செய்த அழகரத்தினம் சோதனை மின்குமிழை எடுத்தான். அதன் ஒரு முனையை மின் வரும் கம்பியிலும், மறுமுனையை கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்க முற்றத்தில் அடித்திருந்த ஏர்த் குழாயிலும் தொட்டான். குமிழ் பீடிக் கங்கு போல் சிவந்து நின்றது. பளீரென்று எரிந்திருக்க வேண்டும்.

"ஆலையிலயும் இதே அளவுக் குழாய்தான் அடிச்சன், முதலாளி. அங்க நல்லாத்தானே எரிஞ்சது?"

"அங்க சேறு," என்றது திரை. "இங்க வாப்பா கலியாணத்துக்கெண்டு கடல் மணலை வண்டி வண்டியாக் கொட்டினவர். குழாய் அந்தக் காய்ஞ்ச மணலுக்குள்ளதான் நிக்குது."

அழகரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஓம். அதுதான் கசிவு நிலத்துக்குப் போகாம பித்தளையிலயே நிண்டிருக்கு. ஈரம் காயாத இடம் எது?"

ஈரம் காயாத இடம் ஒன்றுதான். கிணற்றடி. அங்கே தென்னங்கிடுகு மறைப்புக்குள் கலியாண வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கைறுன்னிஸா ஓடினாள். "எல்லாரும் வெளியில வாங்க! விளக்கு குளிக்கப் போகுதாம்!"

ஈரக் கூந்தலும் சிரிப்புமாகப் பெண்கள் ஓடி மறைந்தார்கள். சம்மட்டி விழ விழக் குழாய் சேற்றுக்குள் இறங்கியது. வீட்டிலிருந்து அதற்குத் தடித்த செப்புக் கம்பி வந்து சேர்ந்தது. மறுபடி தொட்டபோது சோதனைக் குமிழ் கண்ணைக் கூசவைத்தது.

"தள்ளி நில்லுங்க," என்றான் அழகரத்தினம். "இப்ப பியூஸ் போகவேணும்."

"போகவேணுமா? எரியவேணுமெண்டுதானே உன்னைக் கூப்பிட்டன்!" என்றார் முத்தலிப்.

சுவிச்சைப் போட்டான். படீர்! பியூஸ் பெட்டியில் பொறி பறந்து வீட்டு விளக்குகளெல்லாம் அணைந்தன. முத்தலிப் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அழகரத்தினமோ துள்ளிக் குதித்தான்.

"பிடிபட்டுட்டு முதலாளி! கசிவுக்கு நிலத்துக்குப் போக இப்ப வழி கிடைச்சிட்டு. அந்த வேகத்திலதான் பியூஸ் உருகினது. இனி ஆளைக் கடிக்க முந்தி பியூஸ்தான் சாகும்!"

மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு ஏணியில் ஏறினான். கூரையோடு ஒட்டிய பித்தளை மூடியைக் கழற்றினான். பூட்டும்போது விளிம்பில் நசுங்கிய வயர், தோல் கிழிந்து, செம்பு பித்தளையை நக்கிக்கொண்டிருந்தது. நசுங்கியதை வெட்டி எறிந்து புது வயர் போட்டான். ஏர்த் கம்பியை மறுபடி மூடிக்குள் திருகி இறுக்கினான். புதுப் பியூஸ். மெயின். பித்தளையில் வைத்துப் பார்த்த சோதனைக் குமிழில் துளி வெளிச்சம் இல்லை.

தெருமுனையில் றபான் கொட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார்!

ஆண்கள் வாசலுக்கு ஓட, சபீனா திரையை விலக்கி வந்தாள். சுவிச்சைத் தானே போட்டாள். அறை வெள்ளையாக விரிந்தது. கலியாணச் சேலையோடு முக்காலியில் ஏறி, மிச்சமிருந்த மாலையை எடுத்தாள்.

"எலா, இறங்கு!" என்று உம்மா கத்தினாள்.

சபீனா சுவரில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் பித்தளையை இறுகப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"கடிக்குதா?"

"இல்ல உம்மா. இனி மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க."