சரிவின் அடியில் நெல்

அண்ணன் அரிகரன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பிரேக் ரப்பரில் அப்பியிருந்த சேற்றைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். சேற்றிலும் ஓடுகிற ரேஸ் சைக்கிள் அது. சைக்ளோகிராஸ் என்பார்கள். பாண்டியிலிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது.

"ஈரத்துல ரப்பர் சட்டுனு புடிக்க மாட்டேங்குதுடா. டிஸ்க் பிரேக் மாத்திடலாமா, இன்னா சொல்ற?"

"மொதல்ல போர் மோட்டாருக்குக் காயில் கட்டு. அப்பறம் சைக்கிளுக்கு டிஸ்க் போடலாம்" என்றேன்.

சிரித்தார். சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

பாகூர் ஏரிக்கரையிலிருந்து சாலை இறங்கி முடிகிற இடத்தில் நெல் காயப்போட்டிருந்தது. வண்டிகள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கல். நெல்லில் சக்கரம் வழுக்கி, அண்ணனின் கழுத்து கல்லில் மோதியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நெல் எங்களுடையது. அன்று காலை அதைப் பரப்பிக் கல் வைத்தவர் அண்ணி வைஜெயந்தி.

சாவுக்கு வந்தவர்கள் பிரேக் பழசு என்றார்கள். அண்ணி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெல்லைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த தை அறுவடையின்போது, அப்பாவின் சைக்கிளில் ரேஸுக்குப் போகப்போவதாக அண்ணன் மகள் கீர்த்தி சொன்னாள்.

"டிஸ்க் போட்டா ஓட்டு. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றார் அண்ணி.

வில்லியனூரில் மெக்கானிக் பச்சையப்பனிடம் கொண்டுபோனோம். இந்தச் சைக்கிள் சட்டத்தில் டிஸ்க் மாட்ட இடமே இல்லை, முன் ஃபோர்க்கையும் சக்கரங்களையும் மாற்றி, பின்னால் வெல்டு வைக்க வேண்டும் என்றார்.

"மெல்லிசு பைப்பு, அக்கா. வெல்டு வெச்ச எடம் எப்ப விட்டுக்கும்னு சொல்ல முடியாது."

"பிரேக் புடிக்குமா புடிக்காதா, அத மட்டும் சொல்லுபா."

"புடிக்கும்."

"அப்ப வையி."

கீர்த்தி கடையிலிருந்த ஒரு டிஸ்க் சைக்கிளை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கினாள். "ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்ணும்மா."

அதே சரிவு. அடியில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். சுற்றிலும் கல். அதற்கு வெகு முன்னால், சரிவிலேயே, நானும் அண்ணியும் நின்றோம். கீர்த்தி இரண்டு சைக்கிளின் சக்கரங்களையும் தண்ணீர் ஊற்றி நனைத்தாள். முதலில் அண்ணனுடையதில் இறங்கி வந்தாள். கீச்சென்று இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டித்தான் நின்றது. டிஸ்க் சைக்கிள் எங்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"பாத்தியா?" என்றார் அண்ணி. ஒரு வருடமாக நான் கேட்காத தெம்பு அந்தக் குரலில் இருந்தது.

கீர்த்தி டிஸ்க் சைக்கிளைத் திருப்பி மறுபடி மேலே ஏறினாள். இறங்கி வந்தாள். இந்த முறை எங்கள் பக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை.

"கீர்த்தி, புடிடி" என்றார் அண்ணி. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கல் வரிசையில் இருந்த இடைவெளியில் நுழைந்து நெல்லின் மேல் போன பிறகுதான் பிடித்தாள். சக்கரம் அப்படியே நின்றது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. பின்பக்கம் பக்கவாட்டில் ஓடியது. காலை ஊன்றினாள். கால் வழுக்கியது. இடுப்பில் அடிபட விழுந்து, சறுக்கிக்கொண்டே போய் நின்றாள். தலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

நாங்கள் ஓடினோம். அவள் படுத்தபடியே, "டிஸ்க்கும் இதான் பண்ணுதும்மா" என்றாள்.

அண்ணி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் வெச்சேன்."

"தெரியும்மா. ஊரே இங்கதான் காயப்போடுது. அப்பாவும் போடுவாரு."

அண்ணி குனிந்து அந்தக் கல்லைத் தூக்கி வாய்க்காலில் போட்டார். பிறகு அடுத்த கல். நெல்லுக்காரர் பக்கிரி வரப்பிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

அண்ணனின் சைக்கிளை அறுத்து வெல்டு வைக்கவில்லை, அப்படியே கீர்த்தி ஓட்டுகிறாள். எங்கள் நெல் இப்போது களத்தில் காய்கிறது. ஒரு பகல் கூடுதலாகிறது, பரவாயில்லை. சாலையில் மற்றவர்கள் காயப்போடுகிறார்கள். அங்கே கீர்த்தி இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாள்.

மழை நாளில் ஈர ரிம்மை ரப்பர் பிடிக்க இன்னமும் ஒரு சுற்று ஆகிறது.